கால் பல் கணக்கு

ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3 கார், 1296 சிசி. அந்த இன்ஜினைக் காட்பாடியில் பிரித்துக் கட்டினேன். சிலிண்டர் போர், கிராங்க் கிரைண்டிங் எல்லாம் லேத்துக்காரர் பார்த்துக்கொண்டார். நாமே உட்கார்ந்து செய்ய வேண்டியது கேம் டைமிங்தான், அதாவது வால்வுகள் சரியான நேரத்தில் திறந்து மூடும்படி கிராங்கையும் கேமையும் பல்சக்கரம், செயினால் இணைப்பது.

மெட்ராஸில் 1960களில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் இதே இன்ஜின் குடும்பம். அதனால் எங்கள் ஊர் மூத்த மெக்கானிக் ஒருவருக்கு இது பழகிய சாமான். "மார்க்குக்கு மார்க் வச்சு செயினை மாட்டு நைனா, வேற இன்னா இருக்குது?" என்றார். பழைய பல்சக்கரமாக இருந்தால் அது போதும். நான் வாங்கியது புதுசு, ஒரு கோடுகூட இல்லாமல் மொட்டையாக வந்தது. "மார்க்கே இல்லையே அண்ணே" என்றதும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

முதலில் டிடிசி, பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம். பழைய ஸ்பார்க் பிளக்கின் பீங்கானை உடைத்து எடுத்துவிட்டு, உள்ளே ஒரு போல்ட்டைப் பொருத்தி, முதல் சிலிண்டரில் மாட்டினேன். கிராங்கைக் கையால் மெதுவாகத் திருப்பினால் பிஸ்டன் போல்ட்டில் முட்டி நிற்கும். அந்த டிகிரியைக் குறித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் திருப்பி, மறுபடி முட்டும் இடத்தையும் குறிக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் உண்மையான டிடிசி. கிராங்க் எவ்வளவு திரும்பியது என்று காட்டும் டிகிரி தட்டு ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து அலுமினியத் தகட்டில் ஒட்டியது. முள்ளுக்கு வெல்டிங் கம்பி.

அடுத்து, நான்காவது சிலிண்டரின் இரண்டு ராக்கர்களிலும் (வால்வை அழுத்தித் திறக்கும் கைகள்) 1 மில்லிமீட்டர் இடைவெளி வைத்தேன். கிராங்க் டிடிசியில் நிற்க, அந்த இரண்டு இடைவெளியும் சமமாகும்வரை கேமை மட்டும் திருப்பிவிட்டு செயினை மாட்டினேன். கேம் 25-65-65-25 (இன்லெட் திறப்பது, மூடுவது, எக்ஸாஸ்ட் திறப்பது, மூடுவது, டிகிரியில்). இரண்டு பக்கமும் ஒரே கணக்கு என்பதால்தான் இந்த வழி செல்லும். வேறு மாதிரி கேமுக்குச் செல்லாது.

ஃபீலர் கேஜில் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) கை பார்க்கும் சமத்தை நான் முழுசாக நம்புவதில்லை. டயல் கேஜ் வைத்து முதல் சிலிண்டர் இன்லெட் வால்வைப் பார்த்தேன். உச்சத்தில் முள் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கும் என்பதால் உச்சத்தை நேரடியாகப் படிக்க முடியாது. உச்சத்துக்கு 1.27 மில்லிமீட்டர் முன்னால் டிடிசி தாண்டி 72 டிகிரி, அதே அளவு இறங்கியதும் 158. நடு 115. இந்தக் கேமுக்கு வர வேண்டியது 110. எப்போதும் இன்ஜின் ஓடும் திசையிலேயே திருப்பிப் படியுங்கள். பின்னால் திருப்பினால் செயின் தொய்வும் கணக்கில் சேர்ந்துவிடும்.

அந்த 5 டிகிரியைத் திருத்த செயினை ஒரு பல் தள்ளி மாட்டினால் கிராங்கில் 15 டிகிரிக்கு மேல் தாவிவிடும். அதற்குத்தான் ட்ரையம்ப்காரர்கள் கேம் சக்கரத்தில் நான்கு ஓட்டை போட்டிருக்கிறார்கள். ஓட்டைகள் பல்லுக்கு நேராக இல்லாமல் சற்று விலகி இருக்கும். சக்கரத்தை 90 டிகிரி சுற்றி மாட்டினால் அரைப் பல், முன்பின்னாகப் புரட்டி மாட்டினால் கால் பல் நகரும். ரொம்பக் கெட்டிக்கார ஏற்பாடு, தனியாக எந்தப் பாகமும் வாங்க வேண்டாம். புரட்டி மாட்டினேன். 68, 153. நடு 110.5.

பெரியவர் தட்டை எட்டிப் பார்த்து, "அரை டிகிரியெல்லாம் வண்டிக்குத் தெரியாது, உடு" என்றார். சரிதான். போல்ட்டை இறுக்கி, லாக் தகட்டை மடக்கி, சக்கரங்களில் நானே கோடு போட்டேன், அடுத்து பிரிப்பவருக்கு உதவும். கவரில் இருக்கும் செயின் டென்ஷனர் வில் தகடுதான் தொல்லை. மாட்டும்போது அதை வளைந்த கம்பியால் ஒதுக்கிப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். பிறகு ராக்கர் இடைவெளியை 0.010 அங்குலத்துக்குக் கொண்டுவந்து, ஸ்டார்ட் செய்வதற்கு முன் கையால் முழுசாகச் சுற்றிப் பார்த்தேன். எங்கும் இடிக்கவில்லை.

பள்ளிகொண்டா வரை ஓட்டிவிட்டு வந்தாயிற்று. இழுவை நன்றாக இருக்கிறது. ஐடிலிங் மட்டும் கொஞ்சம் தள்ளாடுகிறது, இரண்டு எஸ்யூ கார்புரேட்டரையும் இன்னும் சமப்படுத்தவில்லை.