கேஸ் ஷீட்டில் அடங்காதவை

மார்ச் 3, திங்கள்

எங்கள் மருத்துவமனை எழுத்துக் குழுவில் இந்த வாரப் பயிற்சி: ஷிஃப்ட் முடிந்ததும் பத்து நிமிடம் எழுத வேண்டும். அடித்துத் திருத்தக் கூடாது. மருத்துவச் சொல் ஒன்றுகூட வரக் கூடாது. கடைசி நிபந்தனைதான் படுத்தியது. ஒரு நோயாளியைப் பற்றி எழுத உட்கார்ந்தால், ‘மூச்சுத்திணறல்’ என்று எழுதக் கை தானாகவே போகிறது. அதை விட்டுவிட்டு, கண்ணால் பார்த்ததை எழுதினேன். மகளின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை நிறுத்தினார். கட்டில் கம்பியைப் பிடித்த கையை எடுக்கவே இல்லை. ஊசி போட வந்த என்னிடம், “சாப்பிட்டீர்களா சிஸ்டர்?” என்று கேட்டார். கேஸ் ஷீட்டில் ஒற்றை வரியாக இருந்தவர் நோட்டில் ஒரு பக்கத்தை நிரப்பிவிட்டார்.

மார்ச் 6, வியாழன்

இதற்கெல்லாம் முன்னோடி ரீட்டா சாரோன். பொது மருத்துவர், ஆங்கில இலக்கியத்தில் முனைவர் பட்டமும் பெற்றவர். கேஸ் ஷீட்டில் எழுத முடியாததை, ஆனால் எங்காவது எழுதியே தீர வேண்டியதை, தனித்தாளில் எழுதி வரும்படி 1993இல் மாணவர்களிடம் சொன்னார். 2000இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு பயிற்சித் திட்டத்தைத் தொடங்கினார். எழுதியதை உரக்கப் படிக்க வேண்டும்; கேட்பவர்கள் எழுத்தைப் பற்றித்தான் பேச வேண்டும். எங்கள் குழுவில் அது நடந்தால்தானே! யாராவது படித்து முடித்த உடனே, “பொட்டாசியம் எவ்வளவு இருந்தது?” என்று ஒரு குரல் வந்துவிடுகிறது.

மார்ச் 11, செவ்வாய்

எழுதினால் மனபாரம் இறங்கும் என்று இன்று குழுவில் ஒரு டாக்டர் அடித்துச் சொன்னார். உளவியலாளர்கள் பென்னபேக்கரும் பீலும் 1986இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்காட்டினார். மாணவர்கள் தொடர்ந்து நான்கு நாட்கள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், தங்களை உலுக்கிய நிகழ்வுகளைப் பற்றி எழுதினார்கள். நடந்ததோடு உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்து வந்த மாதங்களில் மருத்துவரிடம் குறைவாகவே போனார்கள். சரிதான். ஆனால் எழுதி முடித்த கையோடு அவர்களுடைய மனம் முன்பைவிடச் சோர்ந்திருந்தது என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. இதை யாரும் சொல்வதில்லை. இரட்டை ஷிஃப்ட் பார்த்தவருக்குத் தேவை தூக்கம். ஆள் பற்றாக்குறைக்கு மாற்றாக நோட்டுப் புத்தகத்தை நீட்டினால் நான் வாங்கமாட்டேன். எனக்கு இந்தப் பயிற்சி பிடித்திருப்பதற்குக் காரணம் வேறு. மறுநாள் வார்டில் கூடுதலாகக் கவனிக்கிறேன்.

மார்ச் 19, புதன்

பிசியோதெரபிஸ்ட் படித்தது அபாரமான எழுத்து. தோள் உறைந்துபோன ஒரு பாட்டு ஆசிரியை, தன் தலையைத் தானே வாரிக்கொள்ள முடியாமல் கோபப்படுகிறார். பெயர் இல்லை, இருந்தும் தெரிந்தவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். தொழிலை மாற்றினோம், வயதை மாற்றினோம், ஆணாக்கிப் பார்த்தோம். தோளை முழங்காலாக்கியதும் கதை விழுந்துவிட்டது. சீப்புக்கு அங்கே என்ன வேலை? தோள் இருக்கட்டும், ஆனால் அந்த அம்மாவிடம் கேட்காமல் இது இந்த அறையைத் தாண்டக் கூடாது என்று முடிவானது. டாக்டருக்கு இதில் உடன்பாடில்லை. இவ்வளவு மாற்றியது போதும் என்கிறார். சிகிச்சை நடக்கும்போது கேட்டால் மறுக்கத் தயங்குவார், முடிந்த பிறகு கேட்கிறேன் என்று பிசியோதெரபிஸ்ட் தாளை மடித்து எடுத்துக்கொண்டார். நான் அவர் பக்கம்.