தனி வந்தா தொப்பியைக் கேளுங்க

போன வாரம் ஒரு கச்சேரிக்குப் போயிருந்தேன், மெயின் உருப்படி ஆதி தாளம் (எட்டு எண்ணிக்கை தாளம்), பாடகர் முடிச்சுட்டு, தனி வாசிங்கன்னு, அதாவது தாள வாத்தியக்காரங்க மட்டும் வாசிக்கிற பகுதிக்கு, மிருதங்கக்காரரைப் பாத்து கை காட்டின உடனே எங்க வரிசைல பாதிப் பேர் கேன்டீனுக்குக் கிளம்பிட்டாங்க. எனக்கு நெஜமாவே வருத்தமா இருந்துச்சு. அன்னிக்கு மிருதங்கம், கஞ்சிரா (கைல பிடிச்சு வாசிக்கிற சின்ன தோல் வாத்தியம்), கடம் மூணும் இருந்துச்சு, இதை விட்டுட்டா காபி?

தாளக் கணக்கு தெரிஞ்சாத்தான் தனி புரியும்னு யாரோ கிளப்பி விட்டுட்டாங்க. அப்படி இல்லங்க. மொதல்ல தொப்பியை மட்டும் கேளுங்க, அதாவது மிருதங்கத்தோட பெரிய பக்கம், கச்சேரிக்கு முன்னாடி ரவையைக் குழைச்சு அப்புவாங்களே அது. மணிக்கட்டை லேசா தேச்சு ஒரு "கூம்" வருமே, கும்கி, அது எங்க விழுது எங்க விழாம விடுறாங்கன்னு கவனிச்சாலே பாணி பிடிபட ஆரம்பிச்சுடும்.

மிருதங்கக்காரர் பழனி சுப்ரமணிய பிள்ளையோட பழைய ரெக்கார்டிங் கேட்டுத்தான் எனக்கு இந்தக் காது வந்துச்சு. புதுக்கோட்டை பாணி, மான்பூண்டியா பிள்ளை வழி. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டு வந்ததே அந்த மான்பூண்டியா பிள்ளைதான். பழனி இடது கைக்காரர், அதனால அவருக்கு தொப்பி வலது கைல. மேடைல எதிர்ப் பக்கம் உக்காரணும், வயலின்காரர் இடம் மாறணும், இதுக்காகவே கூப்பிடத் தயங்கினவங்க உண்டு, பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர்தான் அவரைக் கூட வெச்சுக்கிட்டார். அந்த கும்கி கிட்டத்தட்ட பாடும்.

இன்னொரு மிருதங்கக்காரர் பாலக்காடு மணி ஐயர் வேற மாதிரி. தஞ்சாவூர் வைத்தியநாத ஐயர் சிஷ்யர், 1966ல மியூசிக் அகாடமியோட சங்கீத கலாநிதி விருது, மிருதங்கக்காரர் ஒருத்தருக்கு அது கிடைச்சது அப்பதான் மொதல் தடவை. தனியை விட கீர்த்தனைக்குக் கூட வாசிக்கிறப்ப அவரைக் கேக்கணும்னு சொல்வேன், பாடகர் ஒரே வரியை மாத்தி மாத்திப் பாடுற ஒவ்வொரு சங்கதியோடயே போவார். ரெண்டு பேர்ல யாருன்னு கேட்டா எனக்கு பழனிதான், சண்டைக்கு வராதீங்க.

சரி, அன்னிக்கு கச்சேரிக்கு வர்றேன். கஞ்சிராக்காரர் நடுவுல ரெண்டு சொட்டு தண்ணி தடவி தோலை இறக்கிக்கிட்டார், ஒத்தைக் கை வாசிக்குது, பிடிச்சிருக்கிற கை விரல் ஓரத்துல அழுத்துது, அவ்ளோ சின்ன வாத்தியத்துல அந்த கும்கி எப்படி வருதுன்னு இன்னும் ஆச்சரியம்தான். கடக்காரர் பானை வாயை வயித்துல ஒட்டி வெச்சு ஒரு அடி, அடுத்த அடிக்கு லேசா விலக்கினார், சத்தமே மாறிடுச்சு. அப்புறம் கண்ட நடை, தகதகிட தகதகிடன்னு, ஒரு தட்டுக்கு 4 விழுந்த இடத்துல 5, அதாவது 32 இருந்த ஆவர்த்தனம் (தாளத்தோட ஒரு முழுச் சுத்து) இப்ப 40, தாளம் மட்டும் அசையல. குறைப்புல ரெண்டு ஆவர்த்தனம், ஒண்ணு, அரை, கால்னு ஒருத்தருக்கொருத்தர் சுருக்கிக்கிட்டே வந்து மூணு பேரும் ஒண்ணா மோராவுல, அதாவது முடிவுக்குக் கொண்டு போற சொற்கட்டுல, சேந்தப்ப எனக்குப் பக்கத்து சீட் பாட்டி தாளம் போட்டுக்கிட்டே "விடாதே விடாதே"ன்னு மெதுவா சொல்லிக்கிட்டு இருந்தாங்க.

கடைசியா கோர்வை, அதாவது மூணு தடவை திருப்பி வாசிக்கிற முடிப்பு, மூணாவது தடவை வந்து இடத்துல விழுந்துச்சு, பாடகர் பல்லவியை எடுத்துட்டார், காபிக்குப் போனவங்க அப்பதான் கதவைத் திறந்துக்கிட்டு உள்ள வந்தாங்க.