ஒயிட் மவுண்டன்ஸ்ல இலை பாக்கப் போறோம்: பிளான் பண்ற நாட்குறிப்பு

ஆகஸ்ட் 24, 2024, சனி

அம்மா அப்பா நவம்பர்ல ஊருக்குக் கிளம்பிடுவாங்க, அதுக்குள்ள அவங்கள நியூ ஹாம்ப்ஷயர் ஒயிட் மவுண்டன்ஸுக்குக் கூட்டிட்டுப் போய் ஃபால் கலர்ஸ், அதாவது இலையுதிர் காலத்துல இலை நிறம் மாறறத, காட்டிடணும்னு முடிவு பண்ணியாச்சு. பாஸ்டன் பக்கத்துலேர்ந்து 93ம் நம்பர் ஹைவே பிடிச்சா ரெண்டு ரெண்டரை மணி நேரம்தான், நிறைய பேர் காலைல போய்ட்டு ராத்திரிக்குள்ள திரும்பிடுவாங்க, எனக்கு அது பத்தாது. அந்த மரங்கள காலை வெயில்லயும் பாக்கணும், சாயங்கால வெயில்லயும் பாக்கணும். அதனால கேம்பிங். அம்மாவுக்கு முட்டி வலி, தரையில படுக்க வைக்க முடியாது, மடக்குக் கட்டில் எடுத்துக்கணும்.

தேதி: கொலம்பஸ் டே லாங் வீக்கெண்ட், அதாவது அக்டோபர் 12லேர்ந்து 14, கண்டிப்பா வேணாம். அதே திங்கக்கிழமைதான் கனடாவுல தேங்க்ஸ்கிவிங் லீவு, அந்தக் கூட்டமும் சேர்ந்து அங்கதான் வரும். அதுக்கு முந்தின வாரம், அக்டோபர் 6 ஞாயிறு போய் செவ்வாய் திரும்பறோம். லீவு சொல்லிட்டேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

யாரக் கேட்டாலும் "பீக் எப்போ, பீக் எப்போ"ன்னு ஒரே கேள்வி, அதாவது இலை நிறம் உச்சத்துக்கு வர்றது எந்த நாள்னு. மலையில எல்லா மரமும் ஒரே நாள்ல நிறம் மாறாதுங்க. உச்சியில ஆரம்பிச்சு மெதுவா கீழ இறங்கும், வடக்குலேர்ந்து தெற்கா நகரும். கான்கமேகஸ் ஹைவே எடுத்துக்கோங்க, லிங்கன்லேர்ந்து கான்வே வரைக்கும் 34.5 மைல், நடுவுல பாஸ், அதாவது கணவாய், 2,855 அடி உயரம், ஆனா கான்வே ஊரு ஐநூறு அடிய ஒட்டித்தான் இருக்கும். மேல இலை கொட்டி முடியற நேரத்துல கீழ அப்பதான் சூடு பிடிச்சிருக்கும். அதனால நாள் பாத்து ஓடறத விட, நடு உயரத்துல ஒரு இடத்துல தங்கிட்டு எந்த உயரம் நல்லா இருக்கோ அங்க வண்டிய விடறதுதான் சரி, வர்றவங்க எல்லார்கிட்டயும் நான் இதத்தான் சொல்றேன்.

அப்படிப் பாத்து ஃப்ரான்கோனியா நாட்ச் (நாட்ச்னா இங்க மலைக் கணவாய்) ஸ்டேட் பார்க்ல லஃபாயட் பிளேஸ் கேம்ப்கிரவுண்ட்ல ஒரு சைட் பிடிச்சாச்சு! யாரோ கேன்சல் பண்ணது, வார நாள்ங்கறதால கிடைச்சுது. கான்கமேகஸ் ஹைவே மேலயே ஃபாரஸ்ட் சர்வீஸ் (வனத்துறை) கேம்ப்கிரவுண்டும் இருக்கு, ஹான்காக், பாஸகானவே, ஜிகர் ஜான்சன்னு. கான்கமேகஸ்ங்கறது பெனகுக் பழங்குடித் தலைவர் ஒருத்தரோட பேரு, பாஸகானவே அவரோட தாத்தா. தாத்தா பேர்ல கேம்ப்கிரவுண்ட், பேரன் பேர்ல ரோடு. அப்பாவுக்கு இது ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

செப்டம்பர் 15, ஞாயிறு

அப்பா கேட்டாரு, நம்ம ஊர்ல வாதாம் மரத்து இலை விழறதுக்கு முன்னாடி செவக்குமே, அது மாதிரி ஒரு காடே செவக்குமான்னு. ஆமாப்பான்னேன். அப்பறம் உக்காந்து ரொம்ப நேரம் பேசினோம். பகல் குறைய ஆரம்பிச்சதும் மரம் பச்சையம் செய்யறத நிறுத்திடும், பச்சை போனதும் ஏற்கனவே உள்ள இருந்த மஞ்சள் வெளிய தெரியும், பிர்ச் மரமெல்லாம் அதான். ஆனா சிவப்பு அப்படி இல்ல, அது ஆந்தோசயனின்ங்கற நிறமி, பெரும்பாலும் அந்த சீசன்லதான் புதுசா உண்டாகும். இலைக் காம்புகிட்ட அடைப்பு விழுந்து சக்கரை உள்ளயே தங்கிடும், பகல்ல நல்ல வெயிலும் ராத்திரி உறையாத குளிரும் இருந்தா மேப்பிள் இலை அத வச்சு செவப்பாகும். உதிரப் போற இலைக்காக ஒரு மரம் இவ்ளோ மெனக்கெடுதான்னு அப்பா திரும்பத் திரும்பச் சொன்னாரு. அவர அங்க கூட்டிட்டுப் போயே ஆகணும்.

செப்டம்பர் 27, வெள்ளி

சதுப்புப் பக்கம் இருக்கற ரெட் மேப்பிள் எங்க ஏரியாவுலயே செவக்க ஆரம்பிச்சாச்சு, அதுதான் எப்பவும் முந்திக்கும்.

சாப்பாடு: புளிசாதம், தக்காளித் தொக்கு, பொடி தடவின இட்லி, ரவை வறுத்து வச்சா அங்க உப்புமா கிண்டிக்கலாம். கருங்கரடி நடமாடற இடம், அதனால சாப்பாடு, பற்பசை, அம்மாவோட தைல பாட்டில் வரைக்கும், வாசனை வர்ற எதுவும் டென்ட்டுல இருக்கக் கூடாது, எல்லாம் கார்லதான். அம்மா பயந்துட்டாங்க, விளக்கிச் சொன்னதும் சரின்னுட்டாங்க.

விறகு இங்கேர்ந்து எடுத்துட்டுப் போகக் கூடாது. வெளி ஸ்டேட் விறகுல பூச்சி ஒளிஞ்சு வரும், எமரால்டு ஆஷ் போரர்ங்கற வண்டு ஆஷ் மரத்தையெல்லாம் கொல்லுது, அதனால ஹீட் ட்ரீட் பண்ணாத விறக நியூ ஹாம்ப்ஷயர் உள்ளயே விடாது. ஊர்லேர்ந்து வர்றப்போ ஏர்போர்ட்ல மாம்பழத்தப் பிடுங்கற மாதிரிதான். விறக அங்கயே வாங்கிக்கோங்க, நெசமாவே அந்தக் காடு நமக்கு வேணும்னா.

அக்டோபர் 5, சனி

நாளைக்குக் கிளம்பறோம். ஃபைனல் ரூட் இதான்: திங்கக்கிழமை காலைல நாட்ச்லயே பேஸின், பார்க்கிங்லேர்ந்து கொஞ்ச தூரம்தான், தண்ணி கிரானைட்டக் குடைஞ்சு பெரிய குண்டா மாதிரி பண்ணி வச்சிருக்கும், அம்மாவால நடக்க முடியும். ஃப்ளூம் கார்ஜ் ரெண்டு மைல், படி ஜாஸ்தி, அத விட்டுட்டோம். அப்பறம் 302ம் நம்பர் ரோடு பிடிச்சு கிராஃபோர்ட் நாட்ச் வழியா கான்வே, அங்க பெட்ரோல் போட்டுடணும், ஏன்னா கான்கமேகஸ்ல பங்க் கிடையாது, ஹோட்டலும் கிடையாது, பாதி இடத்துல சிக்னலும் இருக்காது, மேப் டவுன்லோடு பண்ணியாச்சு. மத்தியானத்துக்கு மேல கிழக்குலேர்ந்து மேற்கா திரும்பி வர்றோம், வெயில் இலைக்குப் பின்னாடிலேர்ந்து வரும், ஒவ்வொரு இலையும் உள்ளேர்ந்து எரியற மாதிரி தெரியற நேரம் அது. ராக்கி கார்ஜ்லயும் ஸாபடே ஃபால்ஸ்லயும் நிறுத்தணும், பார்க்கிங் பாஸ் ஒரு நாளைக்கு 5 டாலர். ஆறேகால் வாக்குல சூரியன் மறைஞ்சிடும், அதுக்குள்ள டென்ட்டுக்கு வந்துடணும்.

ராத்திரி குளிருக்கு அப்பாவுக்கு மங்கி குல்லா, அம்மாவுக்கு ரெண்டு ரஜாய்.

மழை வந்தாலும் போறோம், நனைஞ்ச மரத்தண்டு கருப்பா ஆகி இலை நிறத்த இன்னும் தூக்கிக் காட்டும். பலமா காத்தடிச்சா மட்டும் மேல இருக்கறது கொட்டிடும், அப்போ மேல கணவாய்ல நிக்காம கான்வே பக்கமே ஆத்தோரமா சுத்திக்கலாம்னு பேசி வச்சிருக்கோம்.