தாழ்ச்சியடையேன்: லெந்து என்னும் தவக்கால நாட்களில் எழுதியவை

23 மார்ச் 2025, ஞாயிறு. பாளையங்கோட்டை

ஆராதனை முடிந்ததும் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர் கூட்டம். மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு மனப்பாட வசனங்களை எந்த வேதாகமத்திலிருந்து எடுப்பது என்று பேச்சு வந்தது. புது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்திலிருந்து எடுக்கலாம் என்றேன். போன வாரம் என் வகுப்பில் நடந்ததையும் சொன்னேன். "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்" என்று பழைய வேதாகமத்தின் இருபத்தி மூணாம் சங்கீதத்தைப் பிள்ளைகள் ஒரே மூச்சில் ஒப்பித்தார்கள். தாழ்ச்சியடையேன் என்றால் என்னவென்று நாலாம் வகுப்புப் பையனிடம் கேட்டேன். "பள்ளத்துல விழமாட்டேன், டீச்சர்" என்றான். ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. எல்லாரும் அப்படித்தான் நினைத்திருந்தார்கள். திருவிவிலியத்தில் அந்த இடத்தில் "எனக்கேதும் குறையில்லை" என்றிருக்கிறது. பிள்ளை தானாகப் பேசும் பேச்சு அது.

பெரியப்பா மகன் அண்ணன் எழுந்தார். நாற்பது வருஷமாக எங்கள் கோயிலில் வேதபாடம் வாசிக்கிறவர். "கர்த்தர்ங்கிற சொல்லையே எடுத்துட்டு ஆண்டவர்னு போட்டா, நாளைக்கு இந்தப் பிள்ளைக கோயில்ல வந்து எதைச் சேந்து சொல்லும்?" என்றார்.

அதற்குப் பதில் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு. "அண்ணே, பிள்ளைகளுக்குப் புரியணுமா, உங்க பழக்கம் நடக்கணுமா? நீங்க இன்னும் எத்தனை நாளைக்கு வந்து கேக்கப் போறீங்க?"

எழுபத்தி நாலு வயசு அண்ணனிடம் கேட்ட கேள்வி. அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, கூட்டில் வைத்து மூடினார். அந்த மூடி 'டப்' என்று விழுந்த சத்தம் இதை எழுதும்போதும் காதில் இருக்கிறது. ஒன்றும் பேசாமல் போய்விட்டார்.

"சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது" என்று நானே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மணி பத்தரை ஆகிறது.

24 மார்ச், திங்கள்

காலையிலிருந்து போன். மூன்று பேர் என் பக்கம், இரண்டு பேர் அண்ணன் பக்கம். என் பக்கம் பேசியவர்களிடம்தான் அதிகம் பயந்தேன். ஒருவர் அண்ணனுடைய பழைய கணக்கு வழக்கு எதையோ இழுத்தார். வசனத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? வைத்துவிட்டேன். வாட்ஸ்அப்பில் நீளமாக ஒன்று எழுதி, அனுப்பாமல் அழித்தேன்.

26 மார்ச், புதன்

பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துகிறவள் நான். சொல் என்றால் தேடாமல் விடமுடியாது. தமிழில் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் 1715ல் அச்சாகி முடிந்தது, மிஷனரி சீகன்பால்குவின் வேலை. அதன்பின் வந்த பெப்ரிசியஸ் ஐயர் (மிஷனரிப் பாதிரியாரை எங்கள் பக்கம் ஐயர் என்போம்) கடவுளுக்குப் 'பராபரன்' என்ற சொல்லை வைத்தார். ஜனங்கள் அந்தச் சொல்லில் ஜெபித்துப் பழகினார்கள். பிறகு இதே பாளையங்கோட்டையிலிருந்த ரேனியஸ் ஐயர் புதிதாக மொழிபெயர்த்தபோது, தஞ்சாவூரில் கிறிஸ்தவக் கவிஞர் வேதநாயகம் சாஸ்திரியார் கடுமையாக எதிர்த்தார். 1871ல் பவர் ஐயர் குழுவின் வேதாகமம் 'தேவன்' என்று வந்தது. லுத்தரன் சபையார் பெப்ரிசியஸை விட மனமில்லாமல் வெகுகாலம் வைத்துக்கொண்டார்கள். அண்ணன் இன்று "நம்ம வேதம்" என்று கட்டிப்பிடித்திருப்பது அந்த 1871ன் வழியில் வந்ததுதான். அதுவும் ஒரு காலத்தில் புதுசு. கத்தோலிக்கரும் நாமும் சேர்ந்து 1995ல் கொண்டுவந்த திருவிவிலியம் இன்று புதுசாக இருக்கிறது.

இதையெல்லாம் ஒரு தாளில் வரிசையாக எழுதினேன். எழுதி முடித்ததும் எனக்கே தெரிந்துவிட்டது, அண்ணனை வாயடைக்க வைக்கத்தான் எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு வரியும் உண்மை. ஆனாலும் இந்தத் தாளோடு அவர் வீட்டுப் படி ஏறக்கூடாது.

30 மார்ச், ஞாயிறு

தாள் இல்லாமல் சாயங்காலம் போனேன். அண்ணன் படுத்திருக்கிறார் என்றார் மதினி. உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. மதினி காப்பி கொடுத்தார். "நீ கேட்டது அவுகளுக்கு மனசுலயே கிடக்கு பிள்ள. ரெண்டு நாளா சரியாச் சாப்பிடல" என்றார். என்னால் காப்பியைக் குடித்து முடிக்க முடியவில்லை.

2 ஏப்ரல், புதன்

லெந்துக் கூட்டம் முடிந்து வந்து அப்போஸ்தலர் 15 வாசித்தேன். ஒன்றாக ஊழியம் செய்த பவுலும் பர்னபாவும், மாற்குவை மறுபடி கூட்டிப்போவதா என்று சண்டை போட்ட இடம். "கடுங்கோபம் மூண்டபடியினால்" என்று லூக்கா மறைக்காமல் எழுதுகிறார். யார் பக்கம் சரி என்று மட்டும் எழுதவில்லை. பம்பிலியாவில் விட்டுவிட்டு ஓடியவனை எப்படி நம்புவது என்பது பவுலின் நியாயம். பர்னபாவுக்கோ அவன் இனத்தான், இன்னொரு தரம் பார்ப்போமே என்ற எண்ணம். இரண்டிலும் தப்பில்லை. பிரிந்துதான் போனார்கள். ஆனால் பவுல் பிறகு கொரிந்தியருக்கு எழுதின முதல் நிருபத்தில் பர்னபாவைத் தன்னோடு சேர்த்தே பேசுகிறார். கடைசிக் காலத்தில் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, மாற்குவைக் கூட்டிக்கொண்டு வா, "ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்" என்கிறார். சண்டையில் எவ்வளவு கோபமிருந்தும், பிறகு எடுக்கமுடியாதபடி ஒரு சொல்லை அவர்கள் எறியவில்லை போலிருக்கிறது.

நம்முடைய தென்னிந்தியத் திருச்சபையே அப்படி வந்ததுதானே. 1919ல் தரங்கம்பாடியில் உட்கார்ந்து தொடங்கிய பேச்சு, 1947 செப்டம்பர் 27ல்தான் முடிந்தது. 28 வருஷம்! பிஷப் வேண்டும் என்றவர்களும் பிஷப் இல்லாமலே இருந்தவர்களும் ஒரு சபையாக வேண்டியிருந்தது. யாருக்கு யார் அபிஷேகம் செய்தால் செல்லும் என்பதில் எவ்வளவோ இழுபறி. மனச்சாட்சிக்கு ஒவ்வாத ஊழியரை ஒரு சபையின்மேல் திணிப்பதில்லை என்று வாக்குக் கொடுத்துத்தான் சேர்ந்தார்கள். அந்தப் பேச்சைத் தொடக்கத்திலிருந்து சுமந்த நம் வெள்ளாளன்விளை அசரியா பேராயர் 1945 ஜனவரி முதல் தேதி இறந்துபோனார். சேர்ந்ததைப் பார்க்கவில்லை. எனக்கு ஒரு அரைமணிக் கூட்டத்தில் பொறுமை போய்விட்டது.

5 ஏப்ரல், சனி

நாளைக்குத் திருவிருந்து. "அங்கேதானே பலிபீடத்தின் முன் உன் காணிக்கையை வைத்துவிட்டுப் போய்" என்ற வசனத்துக்கு எனக்கு வேறு வழி தெரியவில்லை. காலையிலேயே போனேன். அண்ணன் தார்சாவில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். எழுந்து போகவில்லை.

வழியெல்லாம் சொல்லிப் பார்த்ததைச் சொன்னேன். "அண்ணே, எத்தனை நாளைக்கு வருவீங்கன்னு கேட்டேனே, அது பாவம். எல்லார் முன்னாலயும் கேட்டது அதைவிடப் பெரிய பாவம். மன்னிச்சுக்கிடுங்க. அடுத்த கூட்டத்துல எல்லார் முன்னாலயும் சொல்லுதேன். வேதாகமத்தைப் பத்தி நான் நினைக்கிறது மட்டும் மாறல. அதை மறைச்சுட்டு மன்னிப்புக் கேட்டா அது பொய்யாப் போகும்."

அவர் பேப்பரை நாலாக மடித்தார். "எனக்கும் மாறல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "உக்காரு" என்றார்.

பிறகு அவரே பேசினார். பெரியம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. உபதேசியார் சொல்லச் சொல்லக் காதில் வாங்கியே சங்கீதங்களைப் பாடமாக்கினவர். கடைசியில் ஞாபகம் போய்விட்டது. "என்னைப் பார்த்தே, நீ யாரு ஐயான்னு கேட்டா. இருபத்தி மூணாம் சங்கீதத்துல ஒரு சொல் தப்பல. தாழ்ச்சியடையேன்கிற இடத்துல மட்டும் கொஞ்சம் நின்னு, தலையை ஆட்டிட்டுப் போவா. அவளுக்கு அர்த்தம் தெரிஞ்சுதா தெரியலையான்னு எனக்கு இன்னைக்கும் தெரியாது."

நான் பேசவில்லை. அவர் குரல் மாறி, பழைய வாத்தியார் குரல் வந்தது. "சரி, உன் புஸ்தகத்துல மேய்ப்பர்ங்கிற இடத்துல என்ன இருக்கு?"

"ஆண்டவரே என் ஆயர்."

"நம்ம பிள்ளைகளுக்கு ஆயர்னா யாரு? பேராயர்தான ஞாபகம் வருவாரு. கையில கோல் வச்சுக்கிட்டு ஆட்டுக்குப் பின்னால போறவனை அதுக எங்க பாக்கும்?"

உண்மையிலேயே இதை நான் யோசித்ததில்லை. ஆயர் நல்ல தமிழ், முல்லை நிலத்துச் சொல் என்று எனக்குத் தெரியும். நாலாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியாது. குறை என்ற சொல்லுக்கு நான் வைத்த அதே நியாயத்தை அண்ணன் மேய்ப்பருக்கு வைக்கிறார். அன்றைக்குக் கூட்டத்தில் அவரைப் பேசவிட்டிருந்தால் இது அன்றைக்கே வந்திருக்கும்.

மதினி இரண்டு பேருக்கும் காப்பி கொண்டுவந்தார். இந்தத் தடவை குடித்து முடித்தேன்.

6 ஏப்ரல், ஞாயிறு

திருவிருந்து எடுத்தோம். அண்ணன் எனக்கு இரண்டு பேர் தள்ளி முழங்கால்படியிட்டிருந்தார். கூட்டத்தில் மன்னிப்பைச் சொன்னேன். சொல்லும்போது கால் நடுங்கியது. பிறகு வசன விஷயத்தை எடுத்தோம். பெரும்பான்மை பழைய மொழிபெயர்ப்புக்கே. நான் கை தூக்கவில்லை. மனப்பாடம் பழையதில், விளக்கம் எதிலிருந்து வேண்டுமானாலும் என்று முடிவானது. வருத்தம் இருக்கிறது, இல்லை என்று எழுதமாட்டேன். ஆனால் வசனச் சார்ட்டை நானே எழுதித் தருகிறேன் என்று வாங்கி வந்திருக்கிறேன்.

13 ஏப்ரல், குருத்தோலை ஞாயிறு

பவனி முடிந்து ஓலையும் கையுமாகப் பிள்ளைகள் வகுப்புக்கு வந்தார்கள். பாதிப் பேர் அதற்குள் ஓலையைக் கிழித்துச் சிலுவை முடைந்திருந்தார்கள். அண்ணனை வசனம் வாசிக்க அழைத்திருந்தேன். மத்தேயு 11:28. "வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே! நீங்கள் எல்லாரும் என்னிடத்தில் வாருங்கள். நான் உங்களுக்கு இளைப்பாறுதல் தருவேன்." அந்தக் கணீர் குரலில் பிள்ளைகள் வாயைத் திறந்தபடி கேட்டார்கள்.

அதே பையன் எழுந்தான். "இளைப்பாறுதல்னா என்ன, டீச்சர்?"

திருவிவிலியத்தைப் புரட்டினேன். "பெருஞ்சுமை சுமந்து சோர்ந்திருப்பவர்களே" என்று தொடக்கம் எளிதாக இருக்கிறது. முடிவில் அங்கேயும் அதே இளைப்பாறுதல்தான். அண்ணனைப் பார்த்தேன்.

அவர் பையனைப் பக்கத்தில் கூப்பிட்டார். "பதநீர்ப் பானையைத் தலையில வச்சுக்கிட்டு வெயில்ல நடந்து வர்றவரு, வேப்பமரத்தடியில பானையை இறக்கிட்டு, துண்டால முகத்தைத் துடைச்சுக்கிட்டு உக்காருவாருல்லா? அது."

பையன் யோசித்தான். "தலையில இருக்கப் பானையை அவரா இறக்கணுமா தாத்தா, யாராவது இறக்கி விடுவாங்களா?"

அண்ணன் என் பக்கம் கையைக் காட்டினார். "அதை டீச்சர் சொல்லுவாக."