எஞ்சின் கனம் கூடினால் பற்றரி பின்னுக்குப் போகும்

ஒன்ராறியோவில் தம்பியின் கராஜுக்குள் நிற்கும் விமானத்துக்கு எந்த எஞ்சின் பூட்டுவது என்பது ஒருவழியாக முடிவாகிவிட்டது. முதலில் ரோட்டாக்ஸ் 912 என்றுதான் இருந்தான். இப்போது கொன்டினென்டல் ஓ-200. தெரிந்தவர் ஒருவரிடம் நல்ல நிலையில் ஒன்று கிடைத்தது, விலையும் கைக்கு அடக்கம். செய்தி வந்த இரவு மட்டக்களப்பு நாவலடியில் என் போட் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்து, வட்ஸ்அப்பில் அவனோடு நெடுநேரம் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விமானம் செனித் சி.எச். 750. இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் இருந்து பறக்கலாம். வெட்டி வளைத்த அலுமினியத் தகடுகளாகப் பெட்டியில் வரும், பூட்டுவது நம் வேலை. இதை வரைந்த கிறிஸ் ஹைன்ட்ஸ் பிரான்சிலிருந்து கனடாவுக்கு வந்தவர், 1974இல் ஒன்ராறியோவிலேயே செனெயார் என்ற கம்பனியைத் தொடங்கியவர். கிட்டுகள் இப்போது அமெரிக்காவின் மிசூரி மாநிலத்திலிருந்து வருகின்றன.

ரோட்டாக்ஸ் 912இன் பெரிய வகையும் ஓ-200உம் ஒரே 100 குதிரைவலுதான். ஆனால் அந்த வலுவை எடுக்கும் விதம் வேறு. ரோட்டாக்ஸ் சின்ன எஞ்சின். நிமிடத்துக்கு 5800 சுற்று வரை ஓடும். கியர்ப்பெட்டி அதை 2.43க்கு ஒன்றாகக் குறைத்து விசிறிக்குக் கொடுக்கும். சிலிண்டர் தலைக்குத் தண்ணீர், மற்றதுக்குக் காற்று. ஓ-200 பெரிய சிலிண்டர்களோடு 2750 சுற்றிலேயே முழு வலுவையும் தரும். கியர் இல்லை, ரேடியேட்டர் இல்லை, தண்ணீர்க் குழாய் இல்லை. செஸ்னா 150இல் ஓடுகிற எஞ்சின் அது. போட் எஞ்சினோடு வாழ்ந்தவன் என்ற முறையில் எனக்கு அது பிடிக்கும்; கழற்றக் கழற்ற எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் கனம். தம்பி தராசில் வைத்துப் பார்த்ததில், பூட்டுச் சாமான்களோடு 20 கிலோவுக்குக் கிட்டக் கூட வருகிறது.

தோணியின் அணியத்தில் இன்னொரு ஆள் ஏறி இருந்தால் என்ன நடக்கும்? மூக்கு இறங்கும். தோணியில் ஆளை எழுப்பிப் பின்னுக்கு அனுப்பிவிடலாம். விமானத்தின் ஈர்ப்பு மையம், அதாவது முழுக் கனமும் சமனாகும் புள்ளி, முன்னுக்கு நகர்ந்தால், இறங்கும் கடைசிக் கணத்தில் ஓட்டும் குச்சியை முழுக்கப் பின்னுக்கு இழுத்தாலும் மூக்கு உயராமல் போகலாம். பின்னுக்கு நகர்ந்தால் அதைவிட மோசம்: வேகம் விழுந்து மூக்கு ஏறும்போது அதை இறக்க முடியாமல் போகும். வடிவமைத்தவர் இந்த இரண்டுக்கும் எல்லை போட்டுத்தான் கொடுத்திருக்கிறார்.

அன்றிரவு நாங்கள் போட்ட கணக்கை முழு எண்ணாக்கிச் சொல்கிறேன். கூடிய 20 கிலோ, ஈர்ப்பு மையத்திலிருந்து 1.2 மீற்றர் முன்னால் இருக்கிறது: கனத்தைத் தூரத்தால் பெருக்கினால் 24. எட்டுக் கிலோ பற்றரியை எஞ்சினுக்குப் பின்னாலுள்ள தடுப்புத் தகட்டிலிருந்து கழற்றி, 3 மீற்றர் பின்னால் உடலுக்குள் வைத்தால்: 24. சரிக்குச் சரி. தம்பி சந்தோஷத்தில் கத்தினான். எனக்கு அங்கேதான் யோசனை தொடங்கியது.

பற்றரி பின்னுக்குப் போனால் ஸ்டார்ட்டருக்குப் போகும் கேபிளும் நீளும். நீளக் கேபிளில் வோல்ட் விழும், அதனால் தடித்த கேபிள் வேண்டும், தடித்த கேபிளுக்கும் கனம் உண்டு. மாஸ்டர் சுவிட்ச் இயக்கும் கொன்டக்டரை, அதாவது பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்சை, பற்றரிக்குப் பக்கத்திலேயே வைக்க வேண்டும். ஆபத்தில் சுவிட்சை அணைத்தால், ஆட்களின் காலடியால் ஓடும் அந்தக் கேபிள் முழுவதும் செத்துக் கிடக்க வேண்டும், அதற்காக. பின்னுடல் தகடு மெல்லியது. எட்டுக் கிலோவை அதில் தொங்கவிட முடியாது. உள்ளே ஓடும் கோணச் சட்டங்களில் சுமை பரவும்படி இரட்டைத் தகடு போட்டு ஏந்தல் செய்ய வேண்டும். வருடாவருடம் பார்க்கக் கதவு ஒன்றும் வேண்டும். கதவுக்காக வெட்டும் ஓட்டைக்கும் சுற்றிவரப் பலம் கொடுக்க வேண்டும். இவ்வளவும் செய்து சமநிலை திரும்பினாலும் கூடிய 20 கிலோ கூடினதுதான். இந்த விமானத்தின் உச்ச நிறை 1440 இறாத்தல், ஏறக்குறைய 653 கிலோ. அந்தக் கனம் பெற்றோலிலோ பயணப் பையிலோ கழியும். இதெல்லாம் தெரிந்துதான் ஓ-200ஐத் தெரிவு செய்தோம், சரியான தெரிவு என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். இனி ஒவ்வொரு பாகமும் பூட்ட முதல் தராசில் ஏறும், எண் புத்தகத்தில் ஏறும்.

தம்பிக்கு இன்னொரு ஆசையும் இருக்கிறது. இந்த விமானத்தின் இறக்கைக்கு முன்னால் ஒடுங்கிய சிறகு ஒன்று நிரந்தரமாகப் பூட்டியிருக்கும், ஸ்லாட் என்பார்கள். இடைவெளியால் நுழையும் காற்று இறக்கையின் மேற்பக்கத்தில் ஒட்டி ஓடும். அதனால்தான் மூக்கை நன்றாக உயர்த்திக்கொண்டு குறைந்த வேகத்தில் பறந்து, சின்னத் துண்டு நிலத்தில் இறங்க முடிகிறது. வேகமாகப் போகும்போது அதே சிறகு காற்றைப் பிடித்து இழுக்கும். இதற்கு முந்திய மொடலான 701ஐக் கட்டியவர்களில் சிலர் ஸ்லாட்டைக் கழற்றிவிட்டு, அதற்குப் பதிலாக இறக்கையின் மேல் விரல்நுனியளவு தகடுகளை வரிசையாக ஒட்டிப் பறக்கிறார்கள்.

"அண்ணன், ஸ்லாட்டைக் கழட்டினா ஸ்பீட் கூடும் எண்டு இஞ்ச ஆக்கள் சொல்லுறாங்க."

"முதல்ல உள்ளபடி பறந்து பார் தம்பி. பறக்காத ஒண்டில எதைத் திருத்தப் போறாய்?"

என் நிலை இதுதான். கழற்றிய இறக்கை வேறு இறக்கை. எந்த வேகத்தில் தூக்குதிறன் முறியும், முறியும்போது எந்தப் பக்கம் சாயும் என்பதெல்லாம் புதிதாக, உயரத்தில் வைத்துச் சோதித்து எழுதப்பட வேண்டும். ஒப்பிடுவதற்கு முன்னைய எண்கள் கையில் இல்லாமல் அந்தச் சோதனைக்கு அர்த்தமில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் அவன் என் சொல்லைக் கேள்வி இல்லாமல் கேட்டான்: உப்பு. கிட்டின் அலுமினியம் 6061-டி6, அரிப்பை நன்றாகத் தாங்கும் கலவை. ஆனால் வாவிக்கரையில் வேலை செய்கிறவனுக்குத் தெரியும், அலுமினியம் தனியே கெட்டுப்போவதில்லை, பக்கத்தில் இருக்கிற உலோகம்தான் கெடுக்கும். கறையில்லா உருக்கு போல்ட் பூட்டிய அலுமினியத் தாங்கியை இரண்டு மாரி கழித்துக் கழற்றினால் போல்ட் மினுங்கும், சுற்றிவர வெள்ளை மாவாகக் கொட்டும். இந்த விமானத்தின் தகடுகளைப் பிணைக்கும் ஆணியான றிவெட் அலுமினியம், இழுத்து முறித்த பிறகு உள்ளே நிற்கும் தண்டோ இரும்பு. போன கோடையில் அங்கே நின்றபோது, தகடுகள் ஒன்றோடொன்று முட்டும் இடமெல்லாம் சேர்க்க முதல் பிரைமர் பூசவைத்தேன். பனிக்காலத்தில் அங்கே ரோட்டுக்கு உப்புக் கொட்டுகிறார்கள், அது கார் ரயரோடு கராஜுக்குள்ளும் வருகிறது.

இறக்கையை மூட முதல் பரிசோதகர் வந்து உள்ளே பார்க்க வேண்டும் என்பது கனடாவின் விதி. பாதிக்கு மேல் வேலையைக் கட்டுகிறவரே செய்திருக்க வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டும் நல்ல விதிகள்.

இலங்கையில் விமானம் கட்டுவது நடக்காது என்று சொல்பவர்களுக்கு நான் ரே விஜேவர்தனவைத்தான் காட்டுவேன். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகோட்டியாகப் போனவர், உழவு இயந்திரம் வடிவமைத்த பொறியியலாளர், 2010இல் காலமானார். சிறு விமானங்களைத் தானே வரைந்து, தானே கட்டி, இலங்கை வானத்தில் தானே ஓட்டினார். எங்கள் ஊரில் ஓடுபாதை இருக்கிறது. பைபர் பூசவும் தகடு வளைக்கவும் தெரிந்த கைகள் பாலமீன்மடுவிலிருந்து கல்முனை வரைக்கும் இருக்கின்றன. ரோட்டாக்ஸ் கேட்கும் 95 ஒக்டேன் பெற்றோலும் ஷெட்டில் கிடைக்கிறது. பறப்பதற்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதி வேண்டும், அது தனி வேலை. கட்டிப் பழகுவதற்கு வேண்டியது மேசைதான்.

மேசை செய்துவிட்டேன். 12 அடி நீளம், 4 அடி அகலம், தண்ணீர்க் குழாய் பிடித்து நாலு மூலையும் மட்டம் பார்த்தாயிற்று. இந்த விமானத்தின் வால்சுக்கானை மட்டும் தனிக் கிட்டாக வாங்கலாம். அடுத்த முறை வரும்போது அதைக் கொண்டுவரும்படி தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் விமானத் தகட்டு வேலை செய்து பழகியவர்கள், வளைகுடாவில் ஹேங்கரில், விமானம் திருத்தும் கொட்டகையில், நின்றவர்கள் யாராவது இதை வாசித்தால் எழுதுங்கள். றிவெட் இழுக்க இரண்டாவது ஆள் வேண்டும்.