பிள்ளைகளுக்கு அணில் வரையச் சொல்லிக்கொடுக்கிறேன்: இதுவரை

ஆறு வயதிலிருந்து பத்து வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு அணில் வரையச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். முதுகில் மூன்று கோடு போட்ட நம் அணில்தான், உட்கார்ந்து இரண்டு கையாலும் எதையோ பிடித்துக் கொறிக்கிற நிலை, பக்கவாட்டுத் தோற்றம். ஓடுகிற அணில் கண்ணில் படுவதற்குள் போய்விடும், தின்கிற அணில் கொஞ்ச நேரமாவது ஒரே இடத்தில் இருக்கும் என்பதால் அந்த உருவம் எல்லாப் பிள்ளைகள் மனதிலும் ஏற்கெனவே இருக்கிறது.

வழக்கமான முறை தெரிந்ததுதான், தலைக்கு வட்டம், உடம்புக்கு முட்டை, வாலுக்கு ஒரு வளைவு. அப்படித்தான் தொடங்கினோம். படம் வந்துவிடுகிறது, ஆனால் எல்லாருடையதும் ஒரே பொம்மையாக இருக்கிறது, வாலை மறைத்துவிட்டால் அது எலியா முயலா என்று சொல்ல முடியாது. அப்புறம் ஒவ்வொரு உறுப்பும் ஏன் அப்படி இருக்கிறது என்று முதலில் பேசிவிட்டு, பிறகு பென்சிலை எடுக்கச் சொன்னேன். கோடுகள் மாறத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

இப்போது முதல் படி வட்டம் இல்லை. மூக்கிலிருந்து முதுகு வழியாக வால் நுனி வரை மெல்லிசாக ஒரே கோடு, கையை எடுக்காமல். வால் என்பது முதுகெலும்பின் தொடர்ச்சி, அதற்குள்ளும் எலும்பு ஓடுகிறது என்று சொன்னால் போதும், நடுமுதுகில் வாலை ஒட்டவைக்கிற பழக்கம் போய்விடுகிறது. உடம்பின் நீளத்தைப் பென்சிலால் அளந்து, வாலுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு இடம் விடச் சொல்கிறேன், இல்லாவிட்டால் தாள் முடிகிற இடத்தில் வால் மடங்கிக்கொள்ளும்.

அடுத்தது தொடை. உட்கார்ந்த அணிலில் தலையைவிடப் பெரிதாகத் தெரிவது பின்தொடைதான், தாவுகிற பலம் எல்லாம் அங்கே இருக்கிறது. அதைப் பெரிதாகப் போட்டால் உடம்பு தானாகத் தரையில் உட்காரும். மரத்திலிருந்து அணில் தலைகீழாக இறங்குவதை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள், எப்படி விழாமல் இறங்குகிறது என்று கேட்டால் யோசிக்கிறார்கள். பின்னங்காலின் கணுக்கால் திரும்பி, பாதம் பின்பக்கம் பார்க்கும், நகங்கள் பட்டையில் மாட்டிக்கொள்ளும். இதைக் கேட்ட பிறகு யாருக்கும் நகம் போடச் சொல்ல வேண்டியதில்லை! முன்னால் நான்கு விரல், பின்னால் ஐந்து. "அக்கா, அப்போ கட்டைவிரல் எங்கே?" என்று ஒருத்தி கேட்டாள். முன்னங்காலில் அது சின்ன முண்டாகக் குறுகிவிட்டது, அதனால்தான் ஒரு கையால் பிடிக்காமல் இரண்டு கையையும் சேர்த்துப் பிடிக்கிறது. அன்றைக்கு எல்லாருடைய அணிலும் கைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டது.

கண்ணை முதலில் போடத்தான் பிள்ளைகள் துடிப்பார்கள். தலை முடிகிற வரை நான் விடுவதில்லை. மேலே பருந்து, பின்னால் பூனை, இரண்டையும் திரும்பாமலே கவனிக்க வேண்டிய விலங்குக்குக் கண் தலையின் பக்கத்தில், பெரிதாக இருக்கும். பக்கவாட்டில் ஒரு கண்தான் தெரியும், மூக்குக்கும் காதுக்கும் ஏறக்குறைய நடுவில். அதில் ஒரு சின்னப் புள்ளியைக் கறுப்படிக்காமல் விட்டால் பார்வை வந்துவிடும். காது சின்னது, வட்டமானது. படப்புத்தகங்களில் வருகிற, காது நுனியில் முடிக்கொத்து வைத்த அணில் ஐரோப்பாவின் சிவப்பு அணில், அதை இங்கே கொண்டுவர வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன்.

பல்லை வெளியே நீட்டி வரையவும் ஆசை. கொறிக்கும் விலங்குகளின் முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளரும், முன்பக்கம் கெட்டியாகவும் பின்பக்கம் அதைவிட மென்மையாகவும் இருப்பதால் கொறிக்கக் கொறிக்க உளி போலக் கூராகிக்கொண்டே இருக்கும். ஆனால் பக்கவாட்டில் அது அவ்வளவாகத் தெரியாது. பல்லுக்குப் பதிலாக, கையில் உள்ள கொட்டையின் ஓரத்தில் கொறித்த தடம் போடச் சொன்னேன், அதை மிகவும் ரசித்துச் செய்கிறார்கள்.

அதிக நேரம் எடுத்தது முதுகுக் கோடுகள்தான், எனக்கு மிகவும் பிடித்த படியும் அதுவே. நடுக்கோடு தலைப்பக்கமிருந்து வால்வரை ஓடும், பக்கத்துக் கோடுகள் இரண்டும் முன்னங்காலிலிருந்து பின்னங்கால் வரைதான். (வட இந்தியாவில் ஐந்து கோட்டு அணிலும் உண்டு.) பக்கவாட்டில் பார்த்தால் நடுக்கோடு முதுகின் விளிம்பை ஒட்டிப் போகும், நம் பக்கத்துக் கோடு முழுசாகத் தெரியும், மூன்றாவது மறைந்துவிடும். "மூணு கோடுதானே, ஏன் ரெண்டு?" என்று சண்டைக்கு வந்தார்கள். தாளில் மூன்று கோடு போட்டு, குழலாகச் சுருட்டி, கையில் வைத்துத் திருப்பிப் பார்க்கச் சொன்னேன். மறைகிற கோட்டைத் தாங்களே கண்டுபிடித்த பிறகு, அதுவரை தட்டையாக இழுத்தவர்கள் உடம்பின் வளைவோடு கோட்டை வளைத்தார்கள், படம் சட்டென்று உருண்டு நின்றது. வெள்ளைக் கோட்டை வரைய வேண்டாம், தாளின் வெள்ளையை விட்டுவிட்டு இடைப்பட்ட இடத்தை மட்டும் சாம்பல் பழுப்பில் நிரப்பினால் போதும்.

வால் கடைசி. நடுக்கோட்டிலிருந்து இருபுறமும் குட்டிக் குட்டிக் கோடுகள், எல்லாம் நுனியைப் பார்த்துச் சாய்ந்திருக்க வேண்டும், நேராக நீட்டினால் பாட்டில் கழுவும் பிரஷ் ஆகிவிடும்.

இப்போதைய நிலவரம்: பெரியவர்கள் முதுகுக்கோடும் தொடையும் நான் சொல்லாமலே போடுகிறார்கள். சின்னவர்கள் கையை மடக்கி வரைய இன்னும் திணறுகிறார்கள், ஆறு வயதுக்காரர்கள் மூன்று கோட்டையும் நேராகத்தான் இழுக்கிறார்கள். அவர்கள் தாளில் நான் கை வைப்பதில்லை, பக்கத்தில் என் தாளில் வரைந்து காட்டுவதோடு சரி. அடுத்து மரத்தில் தலைகீழாக இறங்கும் அணில். அதில் முதுகுக்கோடு ஏறக்குறைய நேராக வரும், பின்பாதங்கள் மேலே பார்த்திருக்கும். பெரியவர்களில் இரண்டு பேர் நான் சொல்வதற்கு முன்பே அதை வரையத் தொடங்கிவிட்டார்கள், பாதத்தை மேல்நோக்கித் திருப்பித்தான் போட்டிருக்கிறார்கள்.