வேலந்தாவளம் தாண்டி வந்த கேமிங் பெட்டிக்கு எந்த ஓ.எஸ்.?

கேமிங் கம்ப்யூட்டருக்கான பார்ட்ஸ் எல்லாம் முடிவான பிறகுதான் வீட்டில் விவாதமே ஆரம்பித்தது. ரைசன் 5 7600 பிராசசர், பி650 மதர்போர்டு, 16 ஜி.பி. டி.டி.ஆர்.5 ரேம், ரேடியான் ஆர்.எக்ஸ். 7600 கிராபிக்ஸ் கார்டு, ஒரு டி.பி. எஸ்.எஸ்.டி. (ஸ்டோரேஜ் டிஸ்க்). இதிலெல்லாம் எனக்கும் பிளஸ் ஒன் படிக்கும் மகனுக்கும் ஒரே கருத்து. ரேம் விலை எகிறுவதற்கு முன்பே வாங்கிவிட்டதால் மானிட்டர் நீங்கலாக எழுபத்தைந்தாயிரத்துக்குள் அடங்கியது. அதில் எந்த ஓ.எஸ். (கம்ப்யூட்டரையே இயக்கும் அடிப்படை சாப்ட்வேர்) போடுவது என்றதும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தோம்.

நாங்கள் இருப்பது கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பாலக்காடு மாவட்டம், கேரள ரேஷன் கார்டு. ஆனால் வீட்டிலும் கடைத்தெருவிலும் தமிழ், பெரிய சாமான் எது வாங்கினாலும் வேலந்தாவளம் வழியாகக் கோயமுத்தூர். என் மகன் படித்தது தமிழ் மீடியம் என்றாலும் கேரளப் பாடத்திட்டம். இங்கே பள்ளிக்கூடங்களில் கம்ப்யூட்டர் என்றால் பல வருஷமாகவே விண்டோஸ் இல்லை, இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் ஓ.எஸ்.தான். ஐ.டி. அட் ஸ்கூல் என்று ஆரம்பித்து, இப்போது கைட் என்ற பெயரில் நடக்கும் அரசு நிறுவனம் உபுண்டு என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்துத் தானே ஒரு பதிப்பைத் தயாரித்துப் பள்ளிகளுக்குக் கொடுக்கிறது. ஆகவே லினக்ஸ் என்றால் அவனுக்குப் பயமில்லை. எல்லையைத் தாண்டி அந்தப் பக்கம் இருக்கும் என் அக்கா மகனுக்கு அந்தப் பெயரே புதுசு. இவனோ இங்க்ஸ்கேப் என்ற வரையும் சாப்ட்வேரில் படம் வரைந்து மார்க் வாங்கியவன். இருந்தும் அவன் பிடித்த பிடி விண்டோஸ், காரணம் வாலரண்ட் என்ற ஆன்லைன் துப்பாக்கி கேம். "வாலரண்ட் ஓடாட்டி எனக்குக் கம்ப்யூட்டரே வேண்டாம்ப்பா" என்றான். லினக்ஸ் பக்கம் நின்றது நான்தான்.

என் காரணம் முதலில் வெறும் பணம். காந்திபுரத்தில் பார்ட்ஸ் வாங்கிய கடையில், "விண்டோஸ் ஃப்ரீயா போட்டுத் தந்தர்றோம்ங்ணா, ஆபீஸும் சேர்த்து" என்றார்கள். அந்த இலவசம் எப்படி வருகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். விண்டோஸின் வைரஸ் காவலான டிஃபெண்டரை அணைத்துவிட்டு, லைசென்ஸ் இருப்பதுபோல ஏமாற்றும் ஏதோ ஒரு ஆக்டிவேட்டரை ஓட்டுவார்கள். எங்கிருந்து வந்தது என்று போட்டவருக்கே தெரியாத அந்த புரோகிராமுக்கு அட்மின் அதிகாரம் கொடுத்த கம்ப்யூட்டரில் பிறகு நான் பேங்க் பாஸ்வேர்டைத் தட்ட வேண்டும். வேண்டாம், பெட்டியை அசெம்பிள் செய்து மட்டும் கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

விண்டோஸ் 11 ஹோம் லைசென்ஸ் முறையாக வாங்கினால் பத்தாயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே ஆகிறது. நெட்டில் சில நூறு ரூபாய்க்கு விற்கிற கீகள் (லைசென்ஸ் எண்கள்) பெரும்பாலும் ஏதோ ஒரு கம்பெனிக்கு மொத்தமாகக் கொடுத்ததைச் சில்லறையாக்கி விற்பவை. இன்று ஏற்றுக்கொள்ளும், நாளைக்கு முடக்கினால் கேட்க ஆளில்லை. வீட்டுப் பழைய டெஸ்க்டாப்பில் விண்டோஸ் 7 ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அந்தக் கீயை வைத்துப் புதிய விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் வழியை மைக்ரோசாப்ட் 2023 செப்டம்பரில் மூடிவிட்டது. விண்டோஸ் 10 போட்டு ஒப்பேற்றலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அக்டோபர் 14, 2025 அன்று அதன் ஆதரவுக் காலம் முடிந்துவிட்டது, புதுப் பெட்டியில் அதைப் போடுவதில் அர்த்தமில்லை.

வாய்ச்சண்டை போதும் என்று ஒரு தாளை எடுத்து, ஆளுக்கொரு பக்கமாக விளையாட நினைக்கும் கேம்களை எழுதினோம். யாராவது என்னிடம் ஓ.எஸ். பற்றிக் கேட்டால் இப்போது முதலில் சொல்வது இதைத்தான். எது நல்ல ஓ.எஸ். என்று ஆரம்பித்தால் பேச்சு முடியவே முடியாது. எந்த கேம் என்று கேட்டால் பாதி பதில் தாளிலேயே வந்துவிடும்.

என் பக்கத்தில் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2, விட்சர் 3, எல்டன் ரிங். ஒன்றுகூட லினக்ஸுக்காக எழுதப்பட்டதல்ல. ஆனால் ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையை நடத்தும் வால்வ் நிறுவனம் 2018-ல் புரோட்டான் என்று ஒன்றை வெளியிட்டது. விண்டோஸ் கேம் "டைரக்ட்எக்ஸே, இதை வரை" என்று விண்டோஸின் கிராபிக்ஸ் பகுதியிடம் சொல்வதை இடையிலேயே பிடித்து, லினக்ஸில் அதே வேலையைச் செய்யும் வல்கனுக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கும் வேலை அதற்கு. 2022-ல் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவியில் ஓடுவதும் லினக்ஸ்தான் என்பதால் வால்வுக்கே இதில் அக்கறை. எந்த கேம் எந்த அளவுக்கு ஓடுகிறது என்று ஆடியவர்களே எழுதிவைக்கும் புரோட்டான்டிபி என்ற தளம் இருக்கிறது. பிளாட்டினம், கோல்டு என்று தரம் பிரித்திருப்பார்கள். வெறும் பதக்கத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், நம்முடைய அதே கிராபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர் சமீபத்தில் எழுதியதைத் தேடிப் படிக்க வேண்டும். என் மூன்றும் தேறின.

மகன் பக்கத்தில் வாலரண்ட், ஜி.டி.ஏ. 5 ஆன்லைன், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2, இ.ஏ. எஃப்.சி. கால்பந்து. இதில் கவுன்டர்-ஸ்ட்ரைக் மட்டும் லினக்ஸிலேயே நேரடியாக ஓடும். மற்றவை லினக்ஸில் ஓடாமல் நிற்பது வேகத்தால் அல்ல, ஆன்டி-சீட்டால். ஏமாற்றி ஆடுகிறவர்களைப் பிடிக்கும் காவல் புரோகிராம் அது. ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ ஆகிய இரண்டும் 2021-லேயே புரோட்டானுக்கு வழி திறந்துவிட்டன. ஆனால் கேம் கம்பெனி தன் பக்கம் சம்மதித்தால்தான் வேலை செய்யும். எல்டன் ரிங் காரர்கள் சம்மதித்தார்கள். ஜி.டி.ஏ. ஆன்லைனில் 2024 செப்டம்பரில் பேட்டில்ஐ நுழைந்ததும் லினக்ஸ்காரர்கள் வெளியே நிறுத்தப்பட்டார்கள். தனியாக ஆடும் கதைப் பகுதி மட்டும் ஓடும். ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் என்ற இன்னொரு ஆன்லைன் கேம் பல காலம் லினக்ஸில் நன்றாக ஓடிக்கொண்டிருந்து, அதே வருஷம் அக்டோபர் கடைசியில் கதவைச் சாத்தியது. இன்று ஓடுகிறது என்பதால் நாளையும் ஓடும் என்று ஆன்லைன் கேம்களில் சொல்ல முடியாது.

வாலரண்டின் ஆன்டி-சீட்டான வேன்கார்ட் இன்னொரு ரகம். அது விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் உட்கார்ந்துகொள்கிறது, கம்ப்யூட்டர் எழும்போதே கூட எழுகிறது. லினக்ஸில் அதற்கு ஈடாக எதுவும் இல்லை. லினக்ஸுக்குள்ளேயே தனிக் கம்ப்யூட்டர்போல நடிக்கும் விர்ச்சுவல் மெஷினுக்குள் விண்டோஸ் போட்டு ஆடலாம் என்றால் அதையும் கண்டுபிடித்து நிறுத்திவிடும். சுற்றுவழி என்று யூடியூபில் சொல்வதையெல்லாம் நம்பி அக்கவுண்டைப் பறிகொடுக்கக் கூடாது.

அவனிடம், "அந்த ஒரு ஆட்டத்துக்காகப் பத்தாயிரமா?" என்றேன். "ஆட்டத்துக்கு இல்லப்பா, எங்க செட்டே ராத்திரி அதுலதான் இருக்கும்" என்றான். அதற்கு மேல் என்னிடம் வாதமில்லை. சின்ன வயதில் எங்கள் செட்டு எந்த மைதானத்துக்குப் போனதோ அங்கேதான் நானும் போனேன்.

ஆனால் நானும் ஒரு நிபந்தனை வைத்தேன். கெர்னலுக்குள் அவ்வளவு ஆழத்தில் ஒரு காவல்காரன் உட்கார்ந்திருக்கும் விண்டோஸில் பேங்க் வேலை, கரண்ட் பில், என் ஆபீஸ் மெயில் எதுவும் கிடையாது. விண்டோஸ் தனி எஸ்.எஸ்.டி.யில், விளையாட்டுக்கு மட்டும். ஒரு டி.பி. முழுக்க லினக்ஸுக்கு. அதற்காக 500 ஜி.பி.யில் இன்னொரு எஸ்.எஸ்.டி. வாங்கினோம். ஒரே டிஸ்க்கைப் பிரித்து இரண்டையும் போடலாம், பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். விண்டோஸ் ஏதோ ஒரு பெரிய அப்டேட்டில் லினக்ஸை எழுப்பும் பூட் லோடரை ஓரங்கட்டிவிட்ட கதைகளை நிறையப் படித்திருந்ததால் எனக்கு அதில் மனம் போகவில்லை. லைசென்ஸ் வேறு கம்ப்யூட்டருக்கு மாற்றிக்கொள்ளக்கூடிய ரீடெய்ல் வகையாக வாங்கினோம். ஓ.இ.எம். என்ற இன்னொரு வகை விலை குறைவு, ஆனால் மதர்போர்டோடு அதன் ஆயுள் முடிந்துவிடும். இடி விழுந்து போர்டு போவது எங்கள் ஊரில் அபூர்வமல்ல, ஐப்பசி மழைக்கு இங்கே வருகிற இடி அப்படி.

லினக்ஸில் எந்த வகை? மின்ட் நல்லது, எனக்குப் பழக்கமும் அதுதான். ஸ்டீம் டெக்கில் இருக்கும் ஸ்டீம் ஓ.எஸ்.ஸையே போடலாமா என்றும் பார்த்தேன். அப்போது அது கையடக்கக் கருவிகளைக் குறிவைத்துத்தான் வந்துகொண்டிருந்தது. கடைசியில் ஃபெடோரா என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட, கேமிங்குக்கான பஸ்ஸைட் என்று முடிவானது. ஸ்டீம், டிரைவர் எல்லாம் கூடவே வரும். மொத்த சிஸ்டமும் ஒரே இமேஜாக அப்டேட் ஆகிறது. அப்டேட்டுக்குப் பிறகு ஏதாவது முரண்டு பிடித்தால் பூட் மெனுவில் முந்தைய பதிப்பைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய்விடலாம். கையொப்பமுள்ள ஓ.எஸ்.ஸை மட்டுமே எழவிடும் செக்யூர் பூட்டோடும் ஒத்துப்போகும். எங்களுக்கு இது முக்கியம், ஏனென்றால் விண்டோஸ் 11-ல் வாலரண்ட் ஓட செக்யூர் பூட்டும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் ஆனில் இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் வேன் 9001 என்று பிழை காட்டி நின்றுவிடும். ஒவ்வொரு முறையும் மதர்போர்டின் செட்டிங்ஸான பயாஸுக்குள் போய் மாற்றிக்கொண்டிருக்க முடியுமா?

முதலில் விண்டோஸ். ஒரு டி.பி. எஸ்.எஸ்.டி.யைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுச் சின்னதை மட்டும் மாட்டினோம். இரண்டும் இருந்தால் விண்டோஸ் தன்னை ஒன்றிலும் தன் பூட் பார்ட்டிஷனை இன்னொன்றிலும் போட்டுவைக்கும் வழக்கம் உண்டு. பாதியில் நெட் இணைப்பும் மைக்ரோசாப்ட் அக்கவுண்டும் கேட்டு நின்றது. போர்டின் வைஃபையை அதற்கு அடையாளம் தெரியவில்லை, டிரைவர் இல்லை. போனை யு.எஸ்.பி.யில் மாட்டி டெதரிங் போட்டதும் நகர்ந்தது. (அந்த நேரம் பார்த்து என் போன் தமிழ்நாட்டு டவரைப் பிடித்திருந்தது. இங்கே வராந்தாவுக்கும் ஹாலுக்கும் நடுவிலேயே மாநிலம் மாறும்.)

உள்ளே போனதும் செட்டிங்ஸில் டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் டிவைஸ் என்கிரிப்ஷன் தானாகவே ஆனாகியிருந்தது. மைக்ரோசாப்ட் அக்கவுண்டில் நுழைந்தால் இப்போது ஹோம் பதிப்பிலும் இப்படித்தான். பயாஸில் எதையாவது மாற்றினால் 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்டு உட்கார்ந்துவிடும். இன்னும் பயாஸில் வேலை பாக்கி இருந்ததால் அதை அணைத்தேன். அணைக்க விரும்பாதவர்கள் அந்த 48 எண்களையும் நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளவும்.

பிறகு பெரிய எஸ்.எஸ்.டி.யை மாட்டி பஸ்ஸைட். அதன் டவுன்லோட் பக்கமே உங்களிடம் எந்த கிராபிக்ஸ் கார்டு, எந்த டெஸ்க்டாப் வேண்டும் என்று கேட்டு அதற்கேற்ற கோப்பைத் தருகிறது. நிறுவி ரீஸ்டார்ட் செய்ததும் நீலத் திரையில் ஒரு மெனு வரும். பார்க்கப் பழைய டாஸ் காலத்துத் திரைபோல இருப்பதால் ஏதோ கெட்டுவிட்டது என்று தோன்றும். கெடவில்லை. செக்யூர் பூட்டுக்கு பஸ்ஸைட்டின் கையொப்பத்தை அறிமுகப்படுத்தும் இடம் அது. என்ரோல் என்பதைத் தேர்ந்தெடுத்து, யுனிவர்சல்ப்ளூ என்று ஆங்கிலத்தில் சிறிய எழுத்தில், இடைவெளி விடாமல் தட்ட வேண்டும். தட்டும்போது திரையில் எதுவும் தெரியாது, புள்ளிகூட வராது. தட்டி முடித்து என்டர் கொடுத்தால் போதும்.

இரண்டும் வந்தபின் ஒரு வேடிக்கை. லினக்ஸில் இருந்துவிட்டு விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடியது. மதர்போர்டின் கடிகாரத்தில் லினக்ஸ் சர்வதேச நேரத்தை எழுதுகிறது, விண்டோஸ் அதையே உள்ளூர் நேரமாக எடுத்துக்கொள்கிறது. நமக்கு வித்தியாசம் சரியாக ஐந்தரை. நேரம் தப்பாக இருந்தால் பாதி வெப்சைட்டுகள் சான்றிதழ் சரியில்லை என்று மறுக்கும், லாகின் ஆகாது. லினக்ஸ் டெர்மினலில் ஒரே ஒரு வரியில் உள்ளூர் நேரத்தையே எழுதச் சொல்லிவிட்டேன். இன்னொன்று, 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியவர்கள் இரண்டு ஓ.எஸ்.ஸிலும் டிஸ்ப்ளே செட்டிங்ஸுக்குப் போய் 144 என்று தேர்ந்தெடுத்திருக்கிறதா என்று பாருங்கள். காசு கொடுத்துவிட்டு 60-ல் ஆடுகிறவர்கள் ஏராளம்.

இப்போது ஆன் செய்தால் தானாக லினக்ஸ் வரும். மகனுக்கு வாலரண்ட் வேண்டுமென்றால் ஆன் செய்யும்போது பூட் மெனு கீயை அழுத்தி விண்டோஸை எடுத்துக்கொள்கிறான். (சில போர்டுகளில் எஃப்12, சிலதில் எஃப்11 அல்லது எஃப்8.) கவுன்டர்-ஸ்ட்ரைக்கை அவனே லினக்ஸ் பக்கத்தில்தான் ஆடுகிறான், ரீஸ்டார்ட் செய்ய வேண்டியதில்லை என்பதால். எபிக் கடை வாராவாரம் இலவசமாகத் தரும் கேம்கள் ஹீரோயிக் என்ற லாஞ்சர் மூலம் லினக்ஸிலேயே இறங்குகின்றன. ஸ்டீமில் ஒரு புது கேமை முதல் தடவை திறக்கும்போது வல்கன் ஷேடர் (படம் வரைவதற்கான நிரல்) தயாராகிறது என்று கொஞ்ச நேரம் காக்க வைக்கும். அதைத் தாண்டிக் குதிக்க ஒரு பட்டன் இருக்கிறது, அவன் எப்போதும் அதைத்தான் அழுத்துவான், பிறகு கேம் திக்குகிறது என்பான். நான் டீ போடப் போய்விடுவேன். இந்தக் கட்டுரையைத் தமிழ்99 கீபோர்டு முறையில் தட்டிக்கொண்டிருப்பதும் லினக்ஸில்தான், அதில் எந்தக் குறையும் இல்லை. கீபோர்டு விளக்குகளின் நிறத்தை மாற்றும் கம்பெனி சாப்ட்வேர் மட்டும் விண்டோஸுக்கே வருகிறது. ஓபன்ஆர்ஜிபி என்று ஒன்று பாதி வேலையைச் செய்கிறது. எனக்கு அந்த விளக்கே எரியாவிட்டாலும் சரி.

தெருக்கோடி வீட்டுக்காரர் தன் பையனுக்கு என்விடியா ஆர்.டி.எக்ஸ். 4060 கிராபிக்ஸ் கார்டு போட்டு ஒன்று வாங்குகிறார். எங்கள் வீட்டு ஏற்பாட்டைப் பார்த்துவிட்டு அதே மாதிரி வேண்டும் என்றார். என்விடியா கார்டுக்கு பஸ்ஸைட்டில் தனி இமேஜ் இருக்கிறது, ஓடும். ஆனால் டைரக்ட்எக்ஸ் 12 கேம்களில் விண்டோஸைவிட வேகம் சற்றுக் குறையலாம். முதலில் பையனிடம் தாளில் எழுதி வாங்கி வரச் சொன்னேன். வந்ததில் இருந்தவை ஃபோர்ட்நைட், வாலரண்ட், கால் ஆஃப் டியூட்டி. மூன்றுமே ஆன்டி-சீட்டால் லினக்ஸில் ஓடாதவை. பேசாமல் விண்டோஸ் மட்டும் போடுங்கள், இரண்டாவது எஸ்.எஸ்.டி.க்கு வைத்த பணத்தை லைசென்ஸில் போடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.